எல்லைக்கு அந்தப்புறம் நட்ட நாற்று

அக்காள் மறைந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரில் படித்தவர் யாராவது எழுதட்டும் என்றேன். கூடப் பிறந்தவன்தான் எழுத வேண்டும் என்று உறவினர் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவன் நான். தெரிந்ததை எழுதுகிறேன். விட்டுப் போனதைப் பெரியவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அக்காள் பிறந்தது வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு சிறிய ஊர். தகப்பனார் குளத்துப் பாசனத்தில் நெல் போட்டவர். சொந்தமாகக் கொஞ்சம், விளைவில் பங்கு தரும் வாரத்துக்குக் கொஞ்சம். குளம் பெருகிய வருஷம் நெல்லுச்சோறு. பெருகாத வருஷம் கம்பும் சோளமும். அக்காளுக்கு அடுத்துப் பிறந்த இருவர் தங்கவில்லை. கடைசியில் நான். என்னைப் பெற்ற காய்ச்சலிலேயே தாயார் போய்விட்டார்கள். எனக்கு விவரம் தெரிவதற்குள் தகப்பனாரும் போனார். அப்போது அக்காளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தென்காசிக்குப் பக்கத்தில், குற்றாலத்து ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாகப் பாயும் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். அத்தான் முகம் சுளிக்கவில்லை. "நாலு வாய்க்கு அஞ்சு வாய். இருந்துட்டுப் போட்டும்" என்றாராம். அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். எனக்குத் தாய் என்றால் அக்காள்தான்.

அத்தானுக்கு மூன்று துண்டு வயல். கார், பிசானம் இரண்டு பூவும், அதாவது இரண்டு போகமும், விளையும் நிலம். மலையில் சாரல் விழுந்தால் காருக்குத் தண்ணீர். ஐப்பசி மழை பிசானத்துக்கு. சாரலுக்கு எங்கெங்கிருந்தோ சீமான்கள் வந்து அருவியில் குளித்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவார்கள். அருவி கொட்டுகிறதா என்று நாங்களும் அண்ணாந்துதான் பார்ப்போம். குளிக்க இல்லை. நாற்றங்காலுக்கு.

அத்தான் மஞ்சள் காமாலையில் போனார். மகள் சிறு பிள்ளை. வயலை வாரத்துக்கு விட்டுவிடச் சொல்லி அத்தான் வகையறாவில் வந்து பேசினார்கள். அக்காள் மறுத்துவிட்டார்கள். பெண்பிள்ளை ஏர் தொடக்கூடாது என்பது வழக்கம். அக்காளும் தொடவில்லை. ஏர் நான் பிடித்தேன். மற்றதெல்லாம் அக்காள். விதை ஊறப் போடுவது, நாற்றுப் பாவுவது, தண்ணீர் முறை வரும்போது மடையில் போய் நிற்பது. ஒரு தடவை மேல்வயல்காரர் கேட்டார்.

"பொம்பளை வரப்புல நின்னா தண்ணி பாயுமா?"

"தண்ணிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது அண்ணாச்சி. நீங்க மடையைத் தெறங்க, அது பாட்டுக்குப் பாயும்."

அவர் சிரித்துவிட்டார். திறந்துவிட்டார். அக்காளுக்கு அதிகம் பேச வராது. வந்தால் அப்படித்தான் வரும்.

பிறகு நெல் விலை படுத்துக்கொண்ட வருஷங்கள் வந்தன. எழுதவே அலுப்பாக இருக்கிறது. விளையாத வருஷம் கஷ்டப்பட்டதைச் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். விளைந்தும் கஷ்டப்பட்டோம். களத்தில் குவித்த நெல்லை வாங்க ஆள் வரவில்லை. ரங்கூன் அரிசி கப்பலில் வந்து இறங்கி, நம் அரிசியை விட மலிவாகக் கடையில் கிடந்தது. தீர்வை மட்டும் இறங்கவில்லை. நெல்லை நம்பினவர்கள் பலர் அப்போது கைவிட்டார்கள். சிலர் கொழும்புக்குப் போனார்கள். சிலர் போலீசில் சேர்ந்தார்கள். நிலத்தில் நின்றவர்களில் சிலர் வெற்றிலைக்கு மாறினார்கள். அக்காள் நெல்லிலேயே நின்றார்கள். கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன். வேறு தெரியாது.

அக்காளுக்கு ஒரே மகள். அவளைச் செங்கோட்டைக்கு மேற்கே ஒரு வீட்டில் கொடுத்தோம். அது திருவாங்கூர் மகாராஜா சீமை. இங்கே அணாக் காசு, அங்கே சக்கரக் காசு. மற்றபடி அதே மலை, அதே சாரல். பேச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மலையாளம் கலக்கும், அவ்வளவுதான். வண்டி கட்டினால் ஒரு வேளைப் பயணம். தேசம் விட்டுத் தேசம் கொடுக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரும் முன்னே நெல் போட்டவர்கள். விலை படுத்தபோது வயலைக் கொடிக்கால் ஆக்கிவிட்டார்கள். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அகத்தியை நெருக்கமாக நட்டு அதன்மேல் கொடியை ஏற்றுவது. வெற்றிலை ரயிலேறி நாலா பக்கமும் போகும். வாரத்துக்கு வாரம் கையில் காசு. நிச்சயம் பண்ணப் போன அன்று அக்காள் வீட்டைப் பார்த்தார்கள், கொடிக்காலைப் பார்த்தார்கள்.

"அரிசிக்கு என்ன செய்வியோ மதினி?" என்று சம்பந்தி அம்மாளிடம் கேட்டார்கள்.

"கடையில இல்லாத அரிசியா? காசைக் குடுத்தா மூடையா வந்து எறங்குது."

அது உண்மைதான். அன்றைக்கு உண்மை.

உலகச் சண்டை வந்தது. ரங்கூன் ஜப்பான்காரன் கையில் போனது. அரிசிக் கப்பல் நின்றது. தேயிலையும் ரப்பரும் மிளகும் தேங்காயும் போட்டுவிட்டு அரிசிக்குக் கப்பலைப் பார்த்திருந்த மேற்குச் சீமைதான் முதலில் காய்ந்தது. கணவாய் வழியாக ஆட்கள் நடந்து வந்தார்கள். மடியில் மிளகு, கையில் தேங்காயெண்ணெய். "அரி உண்டோ அம்மா" என்று வாசலில் கேட்டார்கள். கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. நம் ஜில்லா நெல்லும் அரிசியும் அந்தப்புறம் போகக்கூடாது. செங்கோட்டை ரோட்டில் குறுக்கே ஒரு மூங்கில் கட்டிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு கொட்டகை, ஒரு குமாஸ்தா, ஒரு காவல்காரன்.

நம் களத்துக்கும் அதிகாரிகள் வந்தார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சர்க்காருக்கு அளந்துகொண்டு போனார்கள். பலர் ஒளித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அக்காள் ஒளிக்கவில்லை.

அந்த வருஷம் பொங்கல் வந்தது. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குப் பொங்கற்படி கொண்டுபோவது நம் வழக்கம். புதுப்பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை. தாய் இருக்கும்வரை படி நிற்கக்கூடாது. அக்காள் தம் சாப்பாட்டு அரிசியில் பிடித்துப் பிடித்து வைத்தார்கள். ராத்திரிச் சாப்பாடு கூழாகிவிட்டது. எனக்கும்தான். வண்டிக்கார மாடசாமி அரிசியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஆச்சி, வைக்கோலுக்குள்ள பொதிஞ்சிருவோம். ஊரே அப்படித்தான் கொண்டுபோவுது."

"களவாண்டா கொண்டுபோறேன்? எம்பிள்ளைக்குப் படி கொண்டுபோறேன். பானை மேலதான் இருக்கணும். நாலு பேர் பாக்கணும்."

சீர்ப் பானையை யார் தடுப்பார் என்று அக்காள் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். உறவு முறையில் போகிறது வேறு, வியாபாரம் வேறு என்று சர்க்காருக்குத் தெரியும் என்று இருந்தோம்.

மூங்கிலடியில் வண்டியை நிறுத்தினார்கள். காவல்காரன் நம் பக்கத்து ஆள்தான், வயசு கம்மி.

"என்ன ஆச்சி, அரிசியா?"

"அரிசி இல்லாமப் படி உண்டா? பொங்கப்படி."

"நெல்லு, அரிசி மூங்கிலைத் தாண்டக் கூடாதுன்னு உத்தரவு."

"நான் என்ன விக்கதுக்கா கொண்டுபோறேன்? எம் மகளுக்கு."

"எல்லாரும் மகளுக்குத்தான் ஆச்சி கொண்டுபோறாவ. நேத்து ஒருத்தன் வண்டி நெறைய மூடையோட வந்தான். அத்தனையும் ஒரே மகளுக்காம்."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காளுக்கும் உதடு லேசாக விரிந்தது. குமாஸ்தா சிரிக்கவில்லை. இறக்கு என்றார். பானையில் இருந்த அரிசியைச் சாக்கில் கொட்டினார்கள். பானையைக் கொண்டுபோகலாம், உத்தரவில் பானை இல்லை என்றார். காவல்காரன் கீழே விழுந்த மஞ்சள் குலையை எடுத்துத் தட்டி அக்காள் கையில் கொடுத்தான். அக்காள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வெறும் பானையோடு மகள் வீட்டுக்குப் போய் இறங்கினோம். மகள் ஓடி வந்து பானைக்குள் பார்த்தாள். தாயைப் பார்த்தாள்.

"அரிசியை அங்கன எறக்கிட்டாவ" என்றார்கள் அக்காள்.

"நீ வந்துட்டேல்லா. உள்ள வா."

அன்று அந்தப் புதுப்பானையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் துண்டு போட்டு, வெல்லம் இட்டு வேகவைத்தார்கள். அதுதான் பொங்கல். பிள்ளைகள் மூவர். கடைக்குட்டி பெண். வயிறு முன்னால் தள்ளி, கை கால் சூம்பி, அக்காள் மடியில் வந்து உட்கார்ந்தது. இறங்கவில்லை. சம்பந்தி அம்மாள் நடையில் நின்று கேட்டார்கள்.

"அம்புட்டு வயலு வச்சிருக்கிய. ஒரு பானை அரிசி கொண்டாரத் துப்பில்லையா மதினி?"

மாப்பிள்ளைதான் பேசினார். நல்ல மனிதர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"சண்டை முடிஞ்சிரும் அத்தை. வெத்தலை விலை ஏறுது. காசு இருக்கு நம்மகிட்ட."

"காசைப் பொங்க முடியுமா மாப்பிள்ளை?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

வெற்றிலை விலை ஏறியது உண்மை. ஆனால் சரக்கு வண்டிகளைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வெற்றிலைக் கூடை ஸ்டேஷனில் கிடந்து வாடும். ஒரு நாள் போகும், நாலு நாள் போகாது. போன நாள் வந்த காசுக்கு அங்கே வாங்க அரிசி இல்லை. ரேஷனில் போட்டது ஒரு வாரத்தில் பாதிக்குக் காணாது. மீதிக்குக் கிழங்கு.

பங்குனியில் கடைக்குட்டி போய்விட்டாள். வயிற்றுப்போக்கு என்றார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு என்ன போக்கு. அக்காள் வண்டி கட்டச் சொல்லவில்லை. நடந்தே போனார்கள். நான் பின்னால் போனேன். காரியம் முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

"மாப்பிள்ளை, கொடிக்காலை அழிங்க. நெல்லு போடுவோம்."

"அத்தை, பிள்ளை மாதிரி வளத்த கொடி. இன்னும் மூணு நாலு வருசம் பறிக்கலாம்."

"பிள்ளை மாதிரியா?"

அவர் தலை குனிந்துகொண்டார். "விதைக்கு எங்க போவேன்? இங்கன ஒருத்தர்கிட்டயும் கிடையாது. உங்ககிட்ட இருந்தாலும் மூங்கில் தாண்டாது" என்றார்.

ஊருக்குக் கிளம்பினோம். பாதி வழி வந்தபின் அக்காள் நின்றார்கள். என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்ப நடந்தார்கள். நானும் போனேன். மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றுகொண்டே அக்காள் சொன்னார்கள்.

"விதை வேண்டாம். நாத்தாக் கொண்டாரேன், கார் நடவுக்கு. பறிக்கப் பக்குவம் வந்த அன்னைக்கு வண்டி கட்டுவேன். வயல் இருந்தா நட்டுத் தாரேன். இல்லன்னா இந்த வாசல்ல எறக்கிப் போட்டுட்டுப் போறேன். மாடு திங்கட்டும்."

மாப்பிள்ளை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நம்மிடம் விட்டிருந்த விதை நெல் நம் வயலுக்கு மட்டும்தான் காணும். அதைச் சொன்னேன்.

"வடக்கு வயலைச் சும்மா போட்டுருவோம்லே" என்றார்கள் அக்காள்.

"தரிசாவா?"

"தரிசுன்னா தரிசு. ஒரு கார்தானே."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். தின்னவன்தானே சிரிப்பான். அங்கன சிரிக்கக்கூடப் பிள்ளைகளுக்குத் தெம்பில்ல."

எனக்கு மனசில்லை. வடக்கு வயல்தான் மூன்றிலும் நல்ல வயல். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பிறகு நாற்றங்காலை உழுதேன்.

அந்த வருஷம் சாரல் பிந்தியது. கிணற்றுத் தண்ணீரை இறைத்து நாற்றைக் காப்பாற்றினோம். நாற்று வளர்ந்துகொண்டே போனது. முற்றினால் நட்டும் பிரயோசனம் இல்லை. மாப்பிள்ளை கொடிக்காலை அழித்தாரா என்று ஒரு தகவலும் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்கலாம் என்றேன். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார், கேட்காமல் போவோம் என்றார்கள். ஒரு நாள் காலையில் மலை மறைந்தது. காற்றோடு தூறல் வந்தது. மறுநாள் நாற்றுப் பறித்தோம். முடி முடியாகக் கட்டி, வண்டியில் அடுக்கி, மேலே ஈரச் சாக்குப் போட்டோம்.

மூங்கிலடியில் அதே காவல்காரன்.

"இன்னைக்கு என்ன ஆச்சி?"

"நாத்து."

உள்ளே அரிசி இருக்கிறதா என்று குத்தூசியை விட்டுப் பார்த்தான். தண்ணீர்தான் சொட்டியது. குமாஸ்தா குடையோடு வந்தார்.

"இது நெல்லா?"

"இன்னும் ஆகல ஐயா. மூணு மாசம் கழிச்சுக் கேளுங்க, சொல்லுதேன்."

குமாஸ்தா உள்ளே போய் உத்தரவை எடுத்து வந்து படித்தார். நெல், அரிசி, நொய் என்று இருந்தது. நாற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. எழுதினவருக்குத் தோன்றவில்லை போலும்.

"புல்லுன்னு வச்சுக்கிடலாமா சார்?" என்று காவல்காரன் கேட்டான்.

"வச்சுக்கிடுங்க. மாட்டுக்கு மட்டும் குடுத்துராதிய" என்றார்கள் அக்காள்.

மூங்கிலைத் தூக்கினார்கள். மாடசாமி மாட்டைத் தட்டினான். கொஞ்ச தூரம் போனதும் அவன்தான் முதலில் சிரித்தான். அக்காள் சிரிக்கவில்லை. வயல் இருக்குமா இருக்காதா என்ற நினைப்பு.

வயல் இல்லை. கொடிக்கால் அப்படியே நின்றது. மாப்பிள்ளை கையில் அரிவாளோடு வரப்பில் நின்றார். ஓரத்தில் இரண்டு அகத்தி வெட்டிக் கிடந்தது. அதற்கு மேல் கை போகவில்லை போலிருக்கிறது. கொடிக்காலுக்கு ஒரு மரியாதை உண்டு. செருப்போடு போக மாட்டார்கள். தீட்டுக்காரர் நுழைய மாட்டார்கள். பெண்கள் உள்ளே கால் வைப்பதில்லை. இலை பறிக்கிற கொடியில் அரிவாள் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர்கள் பக்கம் கெட்டியாக நம்புவார்கள். சம்பந்தி அம்மாள் அதைச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"லட்சுமியை வெட்டச் சொல்லி வண்டி கட்டிட்டு வந்திருக்கா. இந்த வீடு வெளங்குமா?"

மாப்பிள்ளை எங்களைப் பார்த்தார். "நாளைக்குப் பாப்போம் அத்தை" என்றார்.

வாசலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்ன அக்காள் அப்படிச் செய்யவில்லை. மாடசாமியும் நானும் நாற்று முடிகளை இறக்கிக் கால்வாய்த் தண்ணீரில் நிறுத்திவைத்தோம். அக்காள் கால்வாய்க் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். எழுந்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்கள். மத்தியானம் ஆனது.

அப்போது மகள் வந்தாள். தாயைப் பார்க்கவில்லை. நேரே புருஷன் கையிலிருந்த அரிவாளை வாங்கினாள். கொடிக்காலுக்குள் இறங்கினாள்.

"ஏட்டி, பொம்பளை உள்ள போவாதட்டி! தீட்டு!" என்று சம்பந்தி அம்மாள் கத்தினார்கள்.

"எம்பிள்ளையைத் தூக்கிக் குடுத்த தீட்டு எனக்கு இன்னும் போகல. இதுக்கு மேல என்ன தீட்டு."

வெட்டினாள். அகத்தி சாய்ந்தது. கொடியும் கூடச் சாய்ந்தது. அடுத்ததை வெட்டினாள். சம்பந்தி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுதார்கள் என்று நினைக்கிறேன், தூறலில் தெரியவில்லை. மாப்பிள்ளை உள்ளே போய் அவள் கையைப் பிடித்தார்.

"நீ வெளிய வா. நான் வெட்டுதேன்."

அன்று மாலைக்குள் பாதியைச் சாய்த்துவிட்டோம். மறுநாள் மீதி. பாத்தியை உடைத்து, மண்ணைக் கலக்கி, தண்ணீர் கட்டி, பரம்பு மரம் அடித்துச் சமப்படுத்தினோம். அந்தப் பக்கத்தில் பல வருஷமாக நடவு கிடையாது. எங்களைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்து வயசான பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். கூலி கேட்கவில்லை. குலவை போட்டார்கள். கை மறக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அக்காள் அவர்களோடு குனிந்து நட்டார்கள். நட்டு முடியும்வரை குளிர்ந்த தண்ணீரில் நின்றார்கள். இருமல் அங்கே பிடித்ததுதான்.

அமோக விளைச்சல் என்று எழுத ஆசைதான். இல்லை. கொடிக்காலுக்குப் போட்ட உரம் மண்ணில் கிடந்தது. பயிர் உயரமாக வளர்ந்து, கதிர் வந்த நேரம் சாய்ந்துவிட்டது. கிடைத்தது குறைவு. அங்கேயும் சர்க்கார் வந்து பங்கு எடுத்தது. ஆனாலும் அடுத்த பூவுக்கு விதை நின்றது. வீட்டில் உலை வைத்தார்கள். மற்ற இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூத்தவன் இப்போது செங்கோட்டையில் படிக்கிறான். அடுத்த வருஷம் பக்கத்துக் கொடிக்கால்காரர் இருவரும் நாற்றுக் கேட்டார்கள். மாப்பிள்ளை கொடுத்தார்.

எங்கள் வடக்கு வயல் தரிசாகக் கிடந்தது. அதிகம் விளையுங்கள் என்று சர்க்கார் சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்த காலம். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். தேசத்துக்குச் சோறு போடுகிற நிலத்தைச் சும்மா போடலாமா என்று கேட்டார்.

"தேசம் எது வரைக்கும் ஐயா? செங்கோட்டை ரோட்டு மூங்கில் வரைக்குமா?" என்று அக்காள் கேட்டார்கள்.

அவர் கோபப்படவில்லை. மோர் கொடுத்தோம். குடித்துவிட்டுப் போனார்.

அந்த இருமல் விடவில்லை. இரண்டு மூன்று வருஷம் அதோடுதான் வயலுக்கு வந்தார்கள். வைத்தியர் தண்ணீரில் நிற்கக்கூடாது என்றார். நெல் போடுகிறவர் தண்ணீரில் நிற்காமல் எங்கே நிற்பது. போன வருஷம் மாசி மாதம், பிசானம் அறுப்பு நடக்கும்போது படுத்தார்கள். களத்தில் என்ன நடக்கிறது என்று தினமும் கேட்டார்கள். ஆசாரிக்குக் களத்துப் பங்கு கொடுத்தாயா, வண்ணானுக்குக் கொடுத்தாயா, நீர்பாய்ச்சிக்குக் கொடுத்தாயா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கொடுத்தேன் என்றேன். மகள் பக்கத்தில் இருந்தாள். கடைசியில் அவள் கையைத்தான் பிடித்திருந்தார்கள். சுதந்திரம் வந்தபோது அக்காள் இல்லை.

இப்போது கூட்டத்துக்குக் கூட்டம் விவசாயம்தான் தேசத்துக்கு முதுகெலும்பு என்று பேசுகிறார்கள். தென்காசியில் ஒரு கூட்டத்தில் நானும் நின்று கேட்டேன். தப்பாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கார் பொய்த்தால் தென்காசிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடைக்காரர் ஈ ஓட்டுவார். தட்டான் பட்டறையில் தீ இருக்காது. மாடசாமிக்கு வாடகை வராது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிடும். கொழும்புக்கும் பட்டாளத்துக்கும் ஆள் போகும். விளைந்தால் இவ்வளவு பேரும் தலையெடுப்பார்கள். விளைவித்தவன் மட்டும் இருந்த இடத்தில் இருப்பான். முதுகு என்று சொல்லுகிறார்கள். முதுகில் என்ன ஏற்றியிருக்கிறது என்று திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள். இது குறையாகச் சொன்னது இல்லை. அலுப்பில் சொன்னது.

அக்காள் காரியத்துக்கு வந்தவர்களுக்கும் இன்று வந்திருக்கிறவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். காரியம் அரிசித் தட்டுப்பாட்டில் நடந்தது. சொந்தக்காரர், அயலார் என்று இல்லாமல் எல்லோரும் துண்டு முனையில் ஒரு கை அரிசி முடிந்து கொண்டுவந்தீர்கள். அதை ஒன்றாகக் கொட்டித்தான் பொங்கிப் போட்டோம். பல ஊர் அரிசி. வேகிற பதம் வேறு வேறு. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மாடசாமி அக்காளுக்கு ஓட்டிய வண்டிக்கு இன்றுவரை வாடகை வாங்கவில்லை. மருந்து கொடுத்த வைத்தியர் ஐயாவுக்கும், மடையைத் திறந்துவிட்ட மேல்வயல் அண்ணாச்சிக்கும், எல்லைக்கு அந்தப்புறம் குலவை போட்டு நட்டுக் கொடுத்த தாய்மாருக்கும், பெயர் தெரியாத அந்தக் காவல்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சம்பந்தி அம்மாள் அக்காள் போன அன்று தலைமாட்டிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவர்களுக்கும்.

போன மாதம் வருஷக் காரியம் பேச மாப்பிள்ளை வந்தார். பேசி முடித்த பிறகும் போகவில்லை. துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, வெத்தலைக்கு இப்ப ரயில் ஒழுங்கா இருக்கு. மூத்தவன் படிப்பு, பொண்ணு வேற வளந்து நிக்குது. கிழக்குப் பாதியில கொடி ஊணலாம்னு இருக்கேன்."

"மேற்குப் பாதி?"

"நெல்லுதான். அவ சொல்லிட்டா. பாதிக்கு மேல ஒரு சாண் போனாலும் அரிவாளை எடுப்பேங்கா."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் நிலம். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நெல் மட்டும் போட்டுப் பிழைத்துவிடலாம் என்று நான் எந்த வாயால் சொல்லுவேன். அக்காள் இருந்தால் பாதி போதாது என்றிருப்பார்கள்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். நடுவே புதிதாக வரப்புப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். நெல் பக்கம் கொஞ்சம் அகலம்.